பூஞ்சைச் சர்க்கரைக்கு எட்டுப் பேர்

இல்லண்ணே, நான் துனிசுக்கெல்லாம் வரல. சும்மா முன் சீட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன். உங்க லுவாஜ் வண்டிக்கு இன்னும் பாதி ஆள்கூட ஏறல. ஜுஹைர் பாவம் துனிஸ் துனிஸ்னு தொண்டை கிழியக் கத்துறான், ஒரு பய திரும்பிப் பாக்கல. அதுவரைக்கும் இந்த ஃப்ரிகாஸேயைச் சாப்பிடுங்க. இப்பத்தான் எண்ணெயில இருந்து எடுத்து உள்ள சூரை மீனு வச்சேன். ஹரிஸா மிளகா விழுது கூடுதலாத்தான் தடவியிருக்கேன், நீங்க கேப்பீங்கன்னு தெரியும்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? ஆமா, ஓசிதான். ஸ்பாக்ஸ் ஊர்க்காரி கையில இருந்து ஓசியா ஒண்ணு வந்தா சந்தேகப்படணும், அது நியாயம்தான். சாப்பிடுங்க, விஷம் ஒண்ணும் வைக்கல.

எங்காளு நௌஃபலுக்கா? அதைச் சொல்லத்தான் வந்தேன். ரிசல்ட் நேத்து சாயங்காலம் வந்துருச்சு. இருங்க இருங்க, உடனே என்ன என்னன்னா எப்படி? ஒழுங்கா முதல்ல இருந்து சொல்றேன். எதுக்கு ரத்தம் எடுத்தாங்கன்னே உங்க யாருக்கும் நான் சரியாச் சொல்லலையே.

ரத்த தானமா? அட கடவுளே. நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்களா? அண்ணே, விரல் நீளக் குழாயில ஒரு குழாய் எடுத்து எந்த ஊர்ல தானம் பண்றாங்க? அதை வச்சு ஒரு பூனைக்குட்டியக்கூடக் காப்பாத்த முடியாது. அதான் லுத்ஃபி அன்னிக்கு நேராப் போய் ரெண்டு டம்ளர் மாதுளை ஜூஸ் குடிச்சுட்டு, ரத்தம் குடுத்திருக்கேன், இன்னிக்கு வண்டி ஓட்ட மாட்டேன்னு படுத்துக்கிட்டானா? ஊசியப் பாத்ததும் மயங்கி விழுந்தவன் அவன். குத்தக்கூட இல்ல, பாத்ததுக்கே.

விஷயம் இதுதான். எங்காளுக்கு ரத்தப் புத்துன்னு உங்களுக்குத் தெரியும், இந்த ஸ்டேஷன்ல தெரியாதவங்க யாரு. மருந்து ஏத்தினாங்க, முடி போச்சு, மீசை போச்சு, மீசை போனதுக்குத்தான் அழுதாரு. அது முடிஞ்சு மஜ்ஜை மாத்தணும்னு துனிஸ் ஆஸ்பத்திரியில படுக்கை சொல்லி வச்சாச்சு. வர்ற திங்கக்கிழமை. அன்னிக்குப் போகலைன்னா படுக்கை அடுத்த ஆளுக்குப் போயிரும். மறுபடி எப்பக் கிடைக்கும்னு கேட்டேன், அதுவரைக்கும் தாங்குவாரான்னும் கேட்டேன். எம்னா டாக்டரு பேனா மூடியத் திறந்து திறந்து மூடினா. இங்க நம்ம ஊர் ஆஸ்பத்திரி எம்னா டாக்டர் தெரியும்ல, என் தோள் உசரம்கூட இருக்காது, ஆனா வார்டே நடுங்கும்.

அந்த நேரம் பாத்துக் காய்ச்சல் வந்துச்சு. விடவே மாட்டேங்குது. நெஞ்சைப் படம் எடுத்தா நுரையீரல்ல ஒரு நிழல். எம்னா டாக்டரு, இது பூஞ்சையா இருக்கலாம்னா. பூஞ்சையான்னேன். ரொட்டியில பச்சையாப் பூக்குமே அந்த வகையறாதானாம். காத்துல அதோட விதை எப்பவும் மிதந்துட்டு இருக்கு, நீங்களும் நானும் தெனம் இழுத்துட்டுத்தான் இருக்கோம், உடம்பு அதைத் தின்னு ஏப்பம் விட்டுருது. எங்காளு உடம்புல இப்பக் காவலுக்கு ஆளே இல்ல, மருந்து அத்தனை பேரையும் சேத்துக் கொன்னுருச்சு. அதனால உள்ள போய்க் குடித்தனம் பண்ணலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேக்குறீங்களா? கேளுங்க, இது நல்லாயிருக்கும். கையுறை வர்ற அட்டைப் பெட்டி மேல எனக்குப் படம் போட்டே காட்டினா. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிசா ஒரு சவ்வுதான். பூஞ்சை அப்படி இல்ல, ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் சுவர் கட்டிக்கும். சிமெண்ட்ல இல்லண்ணே, சர்க்கரையில. காப்பியில போடுற சர்க்கரை இல்ல, சர்க்கரையைச் சங்கிலி சங்கிலியாக் கோத்தா எப்படியோ அது. அது வளர வளர அந்தச் சுவர்ல இருந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்து ரத்தத்துல கலந்துரும். ரத்தத்துல அந்தச் சர்க்கரை இருந்தா, உள்ள எவனோ வீடு கட்டுறான்னு அர்த்தம். கலக்டோமன்னான்னு பேரு. கேட்டா இத்தாலிக்காரன் ஐஸ்கிரீம் கடை மாதிரி இருக்கு.

நான் கேட்டேன், நுரையீரல்ல வீடு கட்டுறவன் நகராட்சியில அனுமதி வாங்கினானான்னு. எம்னா டாக்டரு சிரிக்கல. எங்காளு சிரிச்சாரு, சிரிச்சு இருமி, நர்ஸ் ஓடி வந்து என்னை வெளிய தள்ளிட்டா.

முதல் தடவை ஆஸ்பத்திரியிலயே பாத்தாங்க. இருக்குன்னு வந்துச்சு. பூஞ்சைன்னு ஆயிட்டா திங்கக்கிழமை கிடையாது, மாசக்கணக்குல மருந்து, அப்புறம்தான் மஜ்ஜையப் பத்திப் பேச்சு. ஆனா எம்னா டாக்டருக்கு ஒரு சந்தேகம். நம்பரு கோட்டை லேசாத்தான் தாண்டியிருக்கு, இவரு வேற என்ன சாப்பிடுறாருன்னு கேட்டா. ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான், வேகவச்சது, ரெண்டு கண்ணு மேலயும் சத்தியம்னு நான் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்ணே.

யாருன்னு தெரியுதா? வேற யாரு, எங்க நாத்தனா ஹபீபா. தெனம் காலையில ஒரு ஃபிளாஸ்க்கைத் தூக்கிட்டு வருவா, மூலிகைத் தண்ணின்னுவா. நர்ஸ் ஒருத்தி மூடியத் திறந்து மோந்தா, உள்ள பஸீஸா. வறுத்த பார்லி மாவு, ஆலிவ் எண்ணெய், தேன், குழைச்சுத் தண்ணியாக் கரைச்சு உறிஞ்சுற மாதிரி. வாயெல்லாம் புண்ணு, குடலெல்லாம் மருந்துல வெந்து கிடக்கு, அதுக்குள்ள இவ தெனம் ஒரு ஃபிளாஸ்க் ஊத்திட்டு இருந்திருக்கா. அவரும் வாயத் திறக்கல, அண்ணன் தங்கச்சி ரெண்டும் கூட்டுக் களவாணி.

எம்னா டாக்டரு சத்தம் போட்டா. அப்ப ஹபீபா இடுப்புல கை வச்சுட்டுக் கேட்டா பாருங்க: பஸீஸா குடிக்காம என் அண்ணன் ஒரு நாளாவது வண்டிச் சாவியத் தொட்டிருப்பானா, வேகவச்ச உருளைக்கிழங்கைக் குடுத்து ஆளையே கொல்லப் பாக்குறது நீங்களா நானான்னு.

நான் ஏன் திட்டலையா? எப்படித் திட்டுறது? ஊரெல்லாம் தேடிப் பொருந்துன மஜ்ஜை அவளோடதுதான். எங்காளு உசிரு அவ எலும்புக்குள்ள இருக்கு. இப்ப அவ கேட்டா என் கழுத்துச் சங்கிலியையும் கழட்டிக் குடுப்பேன். அவளுக்கு அது நல்லாவே தெரியும், நடந்து வர்ற நடையப் பாக்கணுமே.

எம்னா டாக்டரு சொன்னது, குடல் புண்ணா இருந்தா தானியத்துல இருக்கிற ஏதாவது ரத்தத்துல கசிஞ்சு டெஸ்டை ஏமாத்தலாமாம். ஏமாத்தியிருக்கும்னு சொல்லல, ஏமாத்தலாம். அதனால பஸீஸாவ நிறுத்திட்டு நாலஞ்சு நாள் கழிச்சு மறுபடி பாக்கணும். சரி பாருங்கன்னா, ஆஸ்பத்திரியில அந்த டெஸ்ட்டுக்கான மருந்து தீந்துபோச்சு. அடுத்தது எப்ப வரும்? கப்பல் வந்தா வரும். அதான் வெளி லாப்.

பெரிய பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல இருக்கே, அதான். உல்ஃபான்னு ஒரு பொண்ணு. ரத்தத்தை வாங்கி வச்சுக்கிட்டா, சிரிச்சா, ஆளுங்க சேந்ததும் போடுறோம்னா. என்ன சேரணும்? டெஸ்ட் தட்டுல ஒரு வரிசைக்கு எட்டுக் குழி இருக்குமாம். ஒருத்தருக்காக உடைச்சா மத்த ஏழும் வீணாப்போகும், சாமானுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. எட்டு நோயாளி சேரணும். எப்பச் சேரும்னு கேட்டேன். இது தெனம் வர்ற டெஸ்ட் இல்ல மேடம், போன தடவை மூணு வாரம் ஆச்சுன்னா. நீங்க என்ன லுவாஜ் வண்டியா ஓட்டுறீங்க, எட்டுப் பேர் ஏறினாத்தான் எடுப்பேங்குறதுக்குன்னு கேட்டேன். அப்படித்தான் வச்சுக்கங்களேன்னு சொன்னா.

அந்த வார்த்தைய அவ எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது.

பின்ன என்ன? லுவாஜை நிறைக்கிறது எப்படின்னு எனக்கா தெரியாது? இந்த ஸ்டேஷன்ல பலகாரம் போட்டே தலை நரைச்சாச்சு. பின்னாடி நாலு பேரு ஏறினதும் ஜுஹைர் என்ன பண்ணுவான்? சும்மா நிக்கிற டிரைவர் ரெண்டு பேரைப் பயணி மாதிரி உள்ள உக்கார வைப்பான், ஒரே இடம் ஒரே இடம்னு கூவுவான், வர்றவன் அடிச்சுப் பிடிச்சு ஏறுவான், அப்புறம் டூப்பு ஆளுங்க ஒவ்வொருத்தனா நைசா இறங்கிருவானுங்க. என்னையே எத்தனை தடவை பையோட உக்கார வச்சிருக்கீங்க. இப்ப நான் இங்க இருக்கிறதப் பாத்து அந்தக் கண்ணாடிக்காரர் எனக்குப் பக்கத்துல ஏறலாமான்னு யோசிக்கிறாரு பாருங்க.

ஆமாண்ணே. அந்த வேலையத்தான் ரத்தத்துல பண்ணினேன். ஏழு டூப்பு.

நேரா இங்க வந்தேன், ஜுஹைர் மாதிரியே நடு ரோட்ல நின்னு கத்தினேன், நௌஃபலுக்காக ஒரு கை ரத்தம், ஏழே பேருன்னு. எதுக்கு ஏதுன்னு ஒருத்தர் கேக்கல. டெஸ்டுக்குச் சீட்டு எழுதத் தெரு முனை ரிதா டாக்டர். அவரு வாயில முட்டை வச்சுப் பொரிச்ச பிரிக்கைத் திணிச்சு, மஞ்சக் கரு சட்டையில வழிஞ்சுட்டு இருக்கும்போதே ஏழு பேருக்கும் ஆறாத காய்ச்சல்னு எழுதி வாங்கிட்டேன். அவருக்குக் கண்ணு தெரியாமல்லாம் இல்ல, எழுதும்போது சுவத்தைப் பாத்துக்கிட்டாரு. லாப்ல ஃபோன் நம்பர் கேட்டாங்க, ஏழு பேருக்கும் என் நம்பரையே குடுத்தேன். செலவு யாருதுன்னு கேக்காதீங்க, என் வளையலக் கேளுங்க.

நீங்கதான் கடைசி. கையை மடக்கிவிட்டு, ஷெத்லி ரத்தம் கெட்டி, ரெண்டு குழாயா எடுத்துக்கங்கன்னு அந்தப் பொண்ணுகிட்டப் பெருமையடிச்சீங்க. அவ வெக்கப்பட்டா.

சரி சரி, வர்றேன். நேத்து அந்த லாப்ல இருந்து ஃபோன். உல்ஃபா இல்ல, அவளுக்கு மேல இருக்கிறவங்க, சல்வா மேடம். நேர்ல வாங்கன்னு மட்டும் சொன்னாங்க. கடையப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடினேன், கை பூரா மாவு. உள்ள போனதும் கதவைச் சாத்திட்டு விட்டாங்க பாருங்க ஒரு திட்டு. ஏழு பேரும் ஒரே தொழில், ஒரே காய்ச்சல், ஒரே டாக்டர், ஒரே ஃபோன் நம்பர், எங்களை என்ன கேனைன்னு நெனச்சீங்களா, இந்தச் சாமானுக்காக எத்தனை வார்டு காத்துட்டு இருக்குன்னு தெரியுமான்னாங்க. அந்தம்மா சொன்னது நியாயம். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். பின்ன ஏன் போட்டீங்கன்னு மட்டும் கேட்டேன். எட்டு இருந்துச்சே, போட்டோம்னாங்க.

அப்புறம் சொன்னாங்க, உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல அது இல்லன்னு.

இல்லண்ணே. சுத்தம். அந்த நிழல் வேற ஏதோ சாதாரணக் கிருமியாம், நேத்தே காய்ச்சல் இறங்கிருச்சு, எம்னா டாக்டரு துனிசுக்கு ஃபோன் போட்டுட்டா, திங்கக்கிழமை போறாரு. ஆமா, அல்ஹம்துலில்லாஹ். அழாதீங்க, நீங்க அழுதா நானும் அழுவேன், பின்னாடி ஏறினவங்க என்னமோ ஏதோன்னு இறங்கிருவாங்க. நானும் அங்கயே மாவுக் கையோட மூஞ்சியப் பொத்திட்டு அழுதேன். ஹபீபாவுக்குச் சொன்னேன், அப்பப் பஸீஸா மேல பழி போட்டீங்களே, மன்னிப்புக் கேளுங்கன்னா. கேட்டுத் தொலைச்சேன்.

இன்னும் இருக்குண்ணே. சாப்பிட்டு முடிங்க.

நான் கையைத் துடைச்சுட்டு எந்திரிச்சேன். உக்காருங்க நெஜியான்னாங்க. நீங்க கூட்டிட்டு வந்த ஏழு பேர்ல ஒருத்தருக்கு இருக்குன்னாங்க. லேசா இல்ல, நல்லாவே.

நான் முதல்ல சிரிச்சேன். எங்க பயலுகளுக்கா, பெட்ரோல் வாடைக்குக் கொசுவே கிட்ட வராது, பூஞ்சை எங்க வரும்னேன். மேடம் சிரிக்கல. அப்பத்தான் அந்த நெனப்பு வந்துச்சு. எட்டுக் குழாய், ஒரே நாள், அந்தக் கூட்டம், லுத்ஃபி வேற மயங்கி விழுந்து ஆளாளுக்கு ஓடினாங்க. மேடம், குழாய் மாறியிருக்குமோன்னு கேட்டுட்டேன். கேட்டதுக்கு அப்புறம்தான் என்ன கேட்டேன்னு எனக்கே உறைச்சுது. மாறியிருந்தா, அந்தச் சர்க்கரை எங்காளோடது. சுத்தமான ரத்தம் வேற எவனோடதோ. திங்கக்கிழமை போச்சு.

அவங்க அதை ஏற்கெனவே யோசிச்சிருந்தாங்க. குழாய்ல மிச்சமிருந்த ரத்தத்துல குரூப் பாக்கச் சொல்லியிருந்தாங்க. எங்காளு ஏபி, இந்த ஊர்ல நூத்துல நாலஞ்சு பேருக்குத்தான் இருக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டுலயே எழுதியிருக்கு. உல்ஃபா பாத்துட்டு வர்ற வரைக்கும் வெளிய பெஞ்சில உக்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. உல்ஃபா வந்தா. மாறல, ஏபி ஏபியாத்தான் இருக்கு, இன்னொரு குழாய் ஓ குரூப்புன்னா.

உங்க குரூப் என்னண்ணே?

ஆமா. நீங்கதான்.

சிரிக்காதீங்க. இல்ல, விளையாட்டு இல்ல, இதுலயா விளையாடுவேன். எருமை மாதிரி இருக்கீங்க, எனக்குக் கண்ணு இல்லையா. ஆனா வர்ற வழியில உங்க வீட்டுல எட்டிப் பாத்தேன். இல்ல, நான் ஒண்ணும் சொல்லல, பலகாரம் குடுக்கிற சாக்குலதான் போனேன். பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டீங்களாமே. ராத்திரி வேர்வையில பனியன் நனையுதாமே. வீட்டுக்காரம்மாகிட்ட வெயில்னு சொன்னீங்களாம். இந்த மாசிக் குளிர்ல எந்த வெயிலு?

மேடம் ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. முன்னாடி எப்பவாவது, பட்டாளத்துல இருந்தப்போவாவது, உங்களுக்குக் காசநோய் வந்துச்சா? ம். எத்தனை மாசம் மாத்திரை? சரி விடுங்க, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அது ஆறும்போது நுரையீரல்ல பொந்து விட்டுட்டுப் போகுமாம் சிலருக்கு. அந்தப் பொந்துல இந்தப் பூஞ்சைப் பய வந்து வசதியா உக்காந்துக்குவானாம். இருக்கலாம்னுதான் சொல்றாங்க, இருக்குன்னு சொல்லல. மறுபடி ரத்தம் பாக்கணும், நெஞ்சைப் படம் எடுக்கணும். இருந்தாலும் மாத்திரை இருக்கு. கவனிக்காம விட்டாத்தான் ஒரு நாள் ரோட்ல ஓட்டிட்டு இருக்கும்போதே ரத்தமா இருமுவீங்கன்னாங்க.

ஓ. ஏற்கெனவே ரத்தம் வருதா, எப்ப இருந்து? அந்தக் கைக்குட்டைய எங்க வச்சிருக்கீங்க, சீட்டுக்கு அடியிலயா? அண்ணே, அண்ணே.

சரி. அந்தச் சாவியக் குடுங்க. குடுங்கன்னா. எம்னா டாக்டருகிட்டச் சொல்லிட்டேன், மத்தியானத்துக்குள்ள கூட்டிட்டு வாங்கன்னா. துனிசுக்கு லுத்ஃபி ஓட்டுவான், ஜூஸ் குடிச்ச கடனை அடைக்கட்டும். பின்னாடி இருக்கிறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்.

நன்றியா? எனக்கா? வேண்டாம்ணே, அதை மட்டும் சொல்லிடாதீங்க. அந்தப் பெஞ்சில நான் சும்மா உக்காந்திருக்கல. வேண்டிட்டு இருந்தேன். மாறியிருக்கக் கூடாதுன்னு. அந்தக் குழாயில ஒட்டியிருந்த பேரை எனக்கு முன்னாடியே காட்டிட்டாங்க, ஷெத்லின்னு படிச்சுட்டுத்தான் வேண்டினேன், அந்த ரத்தம் உங்களோடதாவே இருக்கணும்னு. உல்ஃபா வந்து ஆமான்னு சொன்னப்போ எந்திரிச்சு அவளுக்கு முத்தம் குடுத்தேன்.

இறங்குங்கண்ணே, போலாம். மெதுவா, என் கையப் பிடிச்சுக்கங்க.